பின்சார் கழற்றாமல் போன பூட்டு

தியுர்மா வீட்டை விட்டுக் கிளம்புவது அவ்வளவு சுலபமான காரியம் இல்லை. கேஸ் அடுப்பின் திருகை ஒருமுறை பார்ப்பாள். செருப்பை மாட்டி வாசல்வரை வந்துவிட்டு, திரும்பப் போய் இன்னொருமுறை பார்ப்பாள். இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடுங்கி, அதன் முனை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மேசைமேல் போட்டால்தான் அவளுக்கு நிம்மதி. தோட்டத்துப் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் அவள் கணவன் பர்லின் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிவிட்டு வாசலில் காத்திருப்பான்.

"அடுப்புக்கும் ஒரு பூட்டு வாங்கிடலாமா? உன் போட்டோவையும் ஒட்டிடுவோம். நீ திரும்பி வர்ற வரைக்கும் நாங்க பட்டினி கிடக்கிறோம்."

"நீ மட்டும் பஸ்ஸுல பிள்ளைங்களை எண்ண மாட்டியா?"

"எண்ணுவேன். ஒரு தடவை எண்ணுவேன் தாயே."

சுங்கை தெராப் பனை எண்ணெய் ஆலையில் இருபத்தோரு வருடமாகப் பகல் வேலை அவளுக்கு. மாடியில் கண்ணாடி வைத்த கன்ட்ரோல் ரூம். ஆலையில் சுற்றுகிற, இழுக்கிற, நசுக்குகிற எதுவும் அந்த அறையில் இருக்கும் பொத்தான்களுக்குத்தான் கட்டுப்பட்டது. தோபா ஏரிக்கரையிலிருந்து, அண்ணன் எழுதிய ஒரு கடிதத்தை நம்பி ரியாவு மாநிலத்துக்கு வந்தவள். தொழிற்பள்ளியில் மின்சாரப் பிரிவில் முப்பத்தாறு ஆண்பிள்ளைகளுக்கு நடுவே ஒரே பெண்ணாகப் படித்தவள். அப்போதிருந்த மேலாளர், "பொம்பளையை உட்கார வெச்சா தூங்க மாட்டா" என்று சொல்லித்தான் அவளை எடுத்தார். அது உண்மைதான். அவள் தூங்கியதே இல்லை. வேலையில் மட்டுமல்ல, பல நாள் வீட்டிலும் தூங்கியதில்லை.

ஆலையில் அவளுக்குப் 'பூட்டக்கா' என்று பெயர். ஏதாவது ஓர் இயந்திரத்துக்குள் ஆள் இறங்கிப் பழுது பார்க்க வேண்டுமென்றால் முதலில் அதன் பெரிய சுவிட்சை அணைப்பார்கள். பிறகு உள்ளே போகிற ஒவ்வொருவரும் அந்தச் சுவிட்சின் கைப்பிடியில் தன் சிவப்புப் பூட்டைப் போட வேண்டும். பூட்டில் பெயரும் படமும் ஒட்டிய அட்டை இருக்கும். சாவி அவரவர் சட்டைப் பையில் இருக்கும். வெளியே வந்தவர் தன் கையால் தன் பூட்டைக் கழற்ற வேண்டும். கடைசிப் பூட்டு கழலும்வரை சுவிட்ச் அசையாது. மேலே இருந்துகொண்டு இதில் ஒரு எழுத்துகூடப் பிசகாமல் பார்த்துக்கொள்கிறவள் தியுர்மா. வாக்கி டாக்கியில் அவள் குரல் வந்தாலே கீழே சிரிப்பார்கள். "பூட்டக்கா எண்ண ஆரம்பிச்சுட்டாங்கடா."

பதினாறு வருடத்துக்கு முன்னால் இந்தப் பூட்டெல்லாம் கிடையாது. 'வேலை நடக்கிறது' என்று எழுதிய ஓர் அட்டையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்கள், அவ்வளவுதான். காற்றில் அது விழுந்தால் விழுந்ததுதான். அப்படி ஒரு மத்தியானத்தில் மெக்கானிக் வகிமின், பழத்தை இழுத்துப் போகும் சங்கிலிக் கன்வேயருக்குள் இறங்கித் தகடு மாற்றிக்கொண்டிருந்தார். அவர் ஜாவாக்காரர், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாதவர். மேஸ்திரி வாக்கி டாக்கியில், "முடிஞ்சுது, ஓட்டு" என்றார். தியுர்மா பொத்தானை அழுத்தினாள். எட்டு விநாடி ஓடியது. வகிமினுடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

விசாரணையில் தப்பு மேஸ்திரி தலையில் விழுந்தது. அவர் வேலையை விட்டுவிட்டுக் கண்காணாத ஊருக்குப் போய்விட்டார். ஆபரேட்டர் உத்தரவுப்படி நடந்தார், குற்றம் இல்லை என்று எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கினார்கள். அதற்குப் பிறகுதான் ஆலைக்குப் பூட்டுகள் வந்தன. வகிமின் கட்டைக் காலோடு திரும்பி வந்து, ஆலை வாசலுக்கு எதிரே காப்பிக் கடை போட்டார். தினமும் வேலை முடிந்ததும் தியுர்மா அங்கே போய் ஒரு காப்பி குடிப்பாள். மழையைப் பற்றிப் பேசுவார்கள். அவர் வளர்க்கும் கோழிகளைப் பற்றி, அவளுடைய இரண்டு பெண்களைப் பற்றிப் பேசுவார்கள். காலைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. அவளுக்கு இளகிய மனசு என்று பார்த்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை குலை உதிர்க்கும் உருளையில் கம்பிகள் உடைந்துபோயின. வேகவைத்த பனங்குலைகளைப் போட்டுச் சுழற்றி அடிக்கிற உருளை அது. ஒரு லாரி நீளத்துக்குக் கம்பிக் கூண்டு. உதிர்கிற பழம் கம்பிச் சந்து வழியாகக் கீழே அடி அறை என்கிற ஓர் இரும்பு அறைக்குள் விழும். அந்த அறையின் தரையில் திருகு ஒன்று சுழன்று பழத்தை அடுத்த இயந்திரத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும். மேலே உருளை, கீழே திருகு, இரண்டுக்கும் ஒரே சுவிட்ச்.

காலை எட்டு மணிக்குச் சுவிட்சை அணைத்து மூன்று பூட்டுப் போட்டார்கள். ஒன்று வெல்டருடையது. ஒன்று மெக்கானிக் பின்சாருடையது. மூன்றாவது, சுத்தம் செய்ய வந்த ஒப்பந்தக் கூலிகளின் தலைவனுடையது. கூலிகள் ஆறு பேருக்கும் தனிப் பூட்டு இல்லை. தலைவன் பூட்டே அவர்களுக்கும் சேர்த்து என்பது வழக்கம். தியுர்மாவுக்கு அந்த வழக்கம் பிடிக்காது. இரண்டுமுறை எழுதிக் கொடுத்திருந்தாள். அது யார் மேசையில் கிடந்ததோ தெரியாது.

பதினொன்றரைக்கு வேலை முடிந்துவிட்டதாகக் கீழே இருந்து சொன்னார்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. ஆலை பாதிக்குமேல் காலியானது. மேலாளர் இர்ஃபாண்டியும் மசூதிக்குப் போனார். பாடாங் ஊர்க்காரர், வயது முப்பத்துமூன்று, இந்தப் பொறுப்புக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கெட்ட மனிதர் இல்லை. சாயங்காலம் தொழிலாளர்களோடு வாலிபால் ஆடுவார், தோற்றால் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் அன்றைக்கு அவருக்கு நெருக்கடி. வாசலில் பழ லாரிகள் வளைவு தாண்டியும் நின்றுகொண்டிருந்தன. வெட்டிய குலை காத்துக்கிடந்தால் எண்ணெய் புளித்துப்போகும். தலைமை அலுவலகத்திலிருந்து மணிக்கு ஒருமுறை போன் வந்துகொண்டிருந்தது.

இரண்டு மணிக்கு வாக்கி டாக்கி கரகரத்தது.

"தியுர்மாக்கா, உருளையை எடுங்க."

"சுவிட்சு இன்னும் பூட்டியே இருக்கு சார். என் போர்டுல சிவப்பு விளக்கு எரியுது."

இர்ஃபாண்டி சுவிட்ச் அறைக்குப் போய்ப் பார்த்தார். வெல்டரின் பூட்டு இல்லை. கூலித் தலைவனின் பூட்டு இல்லை. ஒன்று மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் அட்டையில் பின்சார் மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தான்.

"பின்சார் எங்கே?"

யாருக்கும் தெரியவில்லை. தோபாக்காரன், கிறிஸ்தவன், அவன் தொழுகைக்குப் போயிருக்க மாட்டான். வாசல் காவலாளி மத்தியானம்தான் முறை மாறி வந்தவன். "நான் வந்ததுக்கப்புறம் அவர் வெளியே போகல" என்றான். கொதிகலன் பக்கத்தில் ஒருத்தன், பின்சார் ஓடுவதைப் பார்த்தேன் என்றான். எந்தப் பக்கம் ஓடினான் என்று கேட்டால் அதைக் கவனிக்கவில்லையாம். அவன் மோட்டார் சைக்கிள் பழுதென்று இரண்டு நாளாகப் பர்லினின் பஸ்ஸில்தான் வந்துகொண்டிருந்தான், அதனால் வண்டியைப் பார்த்தும் சொல்ல வழியில்லை. தியுர்மா அவன் போனுக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி அடித்தாள். பனந்தோட்டத்துக்குள் நாலு அடி தள்ளி நின்றாலே சிக்னல் போய்விடும். அதை வைத்தும் ஒன்றும் சொல்ல முடியாது.

அவள் மூன்றாம் தடவையும் அடித்துப் பார்த்தாள்.

இர்ஃபாண்டி மாடிக்கு ஏறி வந்தார். கையில் பூட்டு வெட்டும் நீளக் கத்தரி.

"அக்கா, நானே டார்ச் அடிச்சு உருளைக்குள்ள பார்த்தேன். இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும். ஆள் இல்ல. பூட்டை மறந்துட்டுப் போயிருக்கான். வெட்டிடலாம்."

"அவன் எங்கேன்னு தெரியாம வெட்டக் கூடாது சார். விதியே அதான்."

"விதி எனக்கும் தெரியும். அரை மணி நேரமா தேடறோம். தேடினதா எழுதிட்டு வெட்டலாம்னும் விதியில இருக்கு."

"தேடினாத்தானே சார் அப்படி எழுத முடியும். இன்னும் சரியாத் தேடல."

அவர் கண்ணாடி வழியாக லாரிகளைப் பார்த்தார். ஒரு லாரி ஹாரனை அழுத்த, அதைக் கேட்டு இன்னொன்று அழுத்த, வரிசை முழுவதும் அலறியது. "என்னையும் கொஞ்சம் பாருங்கக்கா" என்றார், மெதுவாக.

அப்போது தியுர்மாவின் போன் அடித்தது. தெரியாத எண். எடுத்ததும் பின்சார் கத்தினான்.

"அக்கா, பொண்ணு பொறந்திருக்கா!"

"எங்கேடா இருக்க?"

"கிளினிக்ல. நர்ஸ் போன்ல பேசறேன். வேலை முடியறப்ப மச்சான் ஆள் அனுப்பியிருந்தான், வலி வந்துடுச்சுன்னு. பின்பக்க வேலி வழியா ஓடிட்டேன். மூணு கிலோ இருக்கா அக்கா."

அவளுக்கு உடம்பிலிருந்து ஏதோ இறங்கிப்போன மாதிரி இருந்தது. நாற்காலியில் சாய்ந்தாள். "நல்லா இருக்கட்டும். உன் பூட்டு இங்கே தொங்குதே, தெரியுமா?"

"ஐயோ. சாவி என் பையிலயே இருக்கு. வெட்டிடச் சொல்லுங்கக்கா. நான் வந்து கையெழுத்துப் போடறேன்."

இர்ஃபாண்டி போனை வாங்கி அவனுக்கு வாழ்த்துச் சொன்னார், சிரித்துக்கொண்டே திட்டினார், திருப்பிக் கொடுத்தார். அவர் கத்தரியோடு படியிறங்கும்போது, தியுர்மா வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"நீ கிளம்பறப்ப உள்ளே யாரு இருந்தா?"

"யாரும் இல்ல. அடி அறைக் கதவைக்கூட நான்தான் மூடி போல்ட் போட்டேன்."

"உள்ளே பார்த்துட்டுத்தானே மூடின?"

"பார்த்தேன்னுதான் நினைக்கிறேன்." பின்சாரின் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஆள் வந்து சொன்னப்ப பாதி போல்ட் போட்டிருந்தேன். ஒரே அவசரம் அக்கா. ஏன் கேக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. குழந்தையைப் பாரு."

சிவப்பு விளக்கு அணைந்து பச்சை எரிந்தது. கீழே பூட்டை வெட்டிச் சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். வாக்கி டாக்கியில் இர்ஃபாண்டி, "முறைப்படி வெட்டியாச்சு. ஓட்டுங்க அக்கா" என்றார்.

இப்போது அவளிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. பூட்டின் சொந்தக்காரன் வெளியே இருக்கிறான், பேசிவிட்டான், சம்மதமும் சொல்லிவிட்டான். கூலித் தலைவனுக்கும் போன் போட்டாகிவிட்டது. அவன் தொழுகை முடிந்து நேராக அடுத்த தோட்டத்துக்குப் போய்விட்டிருந்தான். "நம்மாளுங்க எல்லாம் அப்பவே மசூதிக்குக் கிளம்பிட்டாங்க" என்றான். மேலாளர் தன் கண்ணால் பார்த்திருக்கிறார். அவள் விரல் பொத்தான்மேல் இருந்தது. அழுத்தவில்லை.

பதினாறு வருடமாக அவள் யாரிடமும் சொல்லாத ஒரு சங்கதி உண்டு. பர்லினிடம்கூடச் சொன்னதில்லை. வகிமின் கால் போன அன்று, மேஸ்திரி 'ஓட்டு' என்று சொன்னதற்கும் அவள் பொத்தானை அழுத்தியதற்கும் நடுவே அவளுக்கு ஒரு சத்தம் கேட்டது. டக், டக், டக். இரும்பில் இரும்பு தட்டுகிற சத்தம். தரைக்கு அடியிலிருந்து வந்தது. பட்டறையில் யாரோ தட்டுகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கேட்கலாமா என்று ஒரு நொடி நினைத்தாள். மேஸ்திரி எரிந்து விழுவாரே என்று கேட்கவில்லை. விசாரணையில், 'ஏதாவது அறிகுறி தெரிந்ததா' என்று ஒரு கேள்வி இருந்தது. 'இல்லை' என்று எழுதினாள்.

இன்றைக்கு எந்தச் சத்தமும் இல்லை. கொதிகலனின் இரைச்சல், லாரிகளின் ஹாரன், அவ்வளவுதான். சத்தம் இல்லாததுதான் அவளைப் படுத்தியது. இந்த இரைச்சலில் எது கேட்கும்? 'பார்த்தேன்னுதான் நினைக்கிறேன்' என்ற அந்த வார்த்தை காதைவிட்டுப் போகவில்லை.

"அக்கா, கேக்குதா? ஓட்டுங்க."

அவள் எழுந்தாள். மேசை இழுப்பறையைத் திறந்து தன் சொந்தச் சிவப்புப் பூட்டை எடுத்தாள். எல்லாருக்கும் கொடுத்தபோது அவளுக்கும் கொடுத்தது. மாடியைவிட்டு இறங்காதவள் என்பதால் ஒருநாளும் போட்டதில்லை. ஒட்டிய காகிதம்கூட உரியாமல் இருந்தது. படியிறங்கினாள். சுவிட்ச் அறையில் இர்ஃபாண்டி திரும்புவதற்குள் கைப்பிடியைக் கீழே இழுத்து அணைத்து, பூட்டை மாட்டி அழுத்தினாள்.

"என்ன பண்றீங்க?"

"உருளைக்கடியில போய்ப் பார்க்கப் போறேன் சார். உள்ளே போறவங்க பூட்டுப் போடணும்ல?"

"அக்கா, பின்சார்தான் பேசிட்டானே. நீங்களும்தானே கேட்டீங்க?"

"கேட்டேன்."

"அப்புறம் என்ன?"

"தெரியல சார்." அது உண்மை. "நான் பார்க்காம என்னால அழுத்த முடியாது. வேற யாரையாவது அழுத்தச் சொல்றதுன்னா, நான் வெளியே வந்து பூட்டைக் கழட்டினப்புறம் சொல்லுங்க."

அவர் முகம் சிவந்துவிட்டது. பக்கத்தில் நின்ற எலக்ட்ரீஷியன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் பூட்டை அவர் வெட்ட முடியாது. அதன் சொந்தக்காரி எதிரிலேயே, சாவியோடு நிற்கிறாள்.

"பத்து நிமிஷம்" என்றார் இர்ஃபாண்டி. "இதை நான் எழுதித்தான் ஆகணும்."

"எழுதுங்க சார்."

அவளும் போனாள், பின்னாலேயே அவரும் வந்தார். உருளைக்கு அடியில் குனிந்துதான் நடக்க வேண்டும். தரையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. அடி அறையின் இரும்புச் சுவர் நீளமாகக் கிடந்தது. கையை வைத்தால் சுட்டது; பக்கத்தில்தான் நீராவிக் குழாய் போகிறது. கீழே கிடந்த ஒரு ஸ்பானரை எடுத்து, சுவரில் மூன்று முறை தட்டினாள். காதை வைத்துக் கேட்டாள். இரைச்சல்தான். பத்தடி தள்ளித் தட்டினாள். காதை வைத்தாள். ஒன்றுமில்லை. பைத்தியக்காரி என்று நினைப்பார்கள், நாளைக்கு ஆலை முழுவதும் சிரிக்கும் என்று தோன்றியது. சிரிக்கட்டும், சிரிக்கிற மாதிரியே முடியட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

கடைசி மூலையில் தட்டினாள். காதை வைத்தாள்.

டக்.

அவள் நிமிர்ந்து இர்ஃபாண்டியைப் பார்த்தாள். அவருக்கு எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. மறுபடி தட்டினாள். நேரமானது. பிறகு உள்ளேயிருந்து மெல்லிசாக, சோர்ந்துபோன கை தட்டுவதுபோல, டக், டக்.

இந்தமுறை அவருக்கும் கேட்டுவிட்டது. ஸ்பானரை அவள் கையிலிருந்து பிடுங்கிக் கதவுக்கு ஓடினார். போல்ட்டைத் திருகும்போது இரண்டுமுறை ஸ்பானர் வழுக்கி விரல் முட்டி தோலுரிந்தது. நாலாவது போல்ட் கழன்றதும் கதவை இழுத்தார். உள்ளேயிருந்து அடுப்பைத் திறந்த மாதிரி வெக்கை அடித்தது. டார்ச் வெளிச்சத்தில், மூலையில், திருகின்மேலேயே கால் நீட்டி ஓர் ஆள் சுவரில் சாய்ந்திருந்தார். மடியில் சுரண்டும் தகடு. ஒப்பந்தக் கூலிகளில் ஒருவர், பொனிரின். ஐம்பது வயதுக்கு மேலே. ஆலை இரைச்சலிலேயே காலம் போனதில் காது பாதி போனவர்.

இருவரும் சேர்ந்து அவரை இழுத்து வெளியே கொண்டுவந்தார்கள். தண்ணீர் கொடுத்தபோது முதல் வாய் வெளியே வந்துவிட்டது, அடுத்ததைக் குடித்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"தொழுகை முடிஞ்சிடுச்சா?"

நடந்தது இதுதான். தலைவன் கிளம்பலாம் என்று சொன்னது அவர் காதில் விழவில்லை. மூலையில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி முடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்திருக்கிறார். திரும்பினால் கதவு மூடியிருக்கிறது. கத்தினார், தட்டினார். பிறகு வெக்கையில் மயக்கம் வந்து உட்கார்ந்துவிட்டார். கதவை மூடியது பின்சார். அவரை மூன்று மணி நேரம் காப்பாற்றியதும் அதே பின்சார் கழற்ற மறந்த பூட்டுதான். இர்ஃபாண்டி டார்ச் அடித்துப் பார்த்தது மேலே உருளையை மட்டும். அடி அறையில் ஆள் இருப்பார் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பொனிரினை வேனில் ஏற்றி அனுப்பிய பிறகு, இர்ஃபாண்டி இரும்புப் படியில் உட்கார்ந்துவிட்டார். "நான் பார்த்தேனே அக்கா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "நான் பார்த்தேனே" என்றார். அவள் ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்கலாம். கழிப்பறைக்குப் போய் வாந்தியெடுத்தாள். முகத்தைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். அவள் பூட்டை அன்று யாரும் கழற்றச் சொல்லவில்லை. ஐந்து மணிக்கு அவளே போய்க் கழற்றினாள்.

மறுநாள் பின்சார் பொனிரின் வீட்டுக்குப் போனான். வாசலிலேயே நின்று அழுதானாம். பொனிரின் பாயில் படுத்துக்கொண்டு இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். "அழாதேப்பா. அந்தப் பொண்ணுக்கு மட்டும் என் பேரை வெச்சிடாதே, பாவம்" என்றாராம். ஆலையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். தியுர்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

இர்ஃபாண்டி அறிக்கையை மறைக்காமல் எழுதினார். ஓட்டச் சொன்னது தான்தான், இரண்டுமுறை சொன்னேன் என்றுகூட எழுதியிருந்தார். அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவளுக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் வந்தது. அதை அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் வைத்தாள். இரண்டு வாரத்தில் ஒப்பந்தக் கூலிகள் எல்லாருக்கும் ஆளுக்கொரு பூட்டு வந்தது. தலைவன் பூட்டு இனிமேல் தலைவனுக்கு மட்டும்தான். வேலைக்குத் திரும்பிய பொனிரின், படம் எடுக்க நின்றபோது தொப்பியைக் கழற்ற மறுத்துவிட்டார்.

வெளியே பார்க்க எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் தியுர்மாவின் தூக்கம் முன்னைவிட மோசமாகப் போயிற்று. ஒருத்தர் தட்டியது அவளுக்குக் கேட்டது என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. ஒவ்வொருமுறை அதைக் கேட்கும்போதும் அவளுக்கு வகிமின் ஞாபகம் வந்தது. ஒரு புதன்கிழமை வழக்கம்போல வகிமின் கடைக்குப் போனாள். வேறு ஆள் இல்லை. அவர் கண்ணாடி டம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு தங்கச்சி."

"அன்னிக்கு நீங்க தட்டினது எனக்குக் கேட்டுச்சு."

அவர் கை நிற்கவில்லை. துடைத்த டம்ளரையே இன்னொரு சுற்றுத் துடைத்தது.

"விசாரணையில அப்படிச் சொல்லலையே நீ."

"சொல்லல."

"கேட்டுட்டுத்தான் அழுத்தினியா?"

"பட்டறைச் சத்தம்னு நினைச்சேன். கேட்டிருக்கலாம். கேக்கல."

வகிமின் டம்ளரை வைத்துவிட்டு, கட்டைக் கால் பலகையில் தட்டத் திரையை விலக்கி உள்ளே போனார். திரும்பி வரவில்லை. அவர் மனைவி வந்து அடுப்பைத் தணித்தாள். "அவருக்குத் தலைவலியாம்" என்றாள், தியுர்மாவின் முகத்தைப் பார்க்காமல்.

அடுத்த நாளும் தியுர்மா போனாள். மனைவிதான் காப்பி கொடுத்தாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. திரைக்குப் பின்னால் அவர் இருப்பது தெரியும்; இருமுவார், ரேடியோவைத் திருகுவார். பர்லினிடம் இப்போது எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். மறுநாள் அவன், "அவருக்குப் பார்க்கப் பிடிக்கலைன்னா நீ ஏன் போய் நிக்கற?" என்று கேட்டான்.

"திட்டணும்னு தோணினா நான் அங்கே இருக்க வேண்டாமா?"

பதினோரு நாள் அப்படிப் போயிற்று. பன்னிரண்டாம் நாள் திரை விலகி வகிமினே காப்பி கொண்டுவந்தார். டம்ளரை அவள் முன்னால் வைத்துவிட்டு, எதிர்ப் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

"எத்தனை தட்டு கேட்டுச்சு உனக்கு?"

"மூணு."

"நாலு தட்டினேன்." விரலை நீட்டிக் காட்டினார். "ஸ்பானரை மேலேயே வெச்சிட்டு இறங்கிட்டேன். யாராவது எடுத்துக் குடுங்கன்னுதான் தட்டினேன். ஆபத்துன்னு தட்டல. நீ ஓடி வந்து என்னன்னு கேட்டிருந்தா, ஸ்பானரைக் கேட்டிருப்பேன்."

அவள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்காக நான் உன்னை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே. யோசிச்சுட்டு இருக்கேன்."

"யோசிங்கண்ணே."

ரோட்டில் ஒரு பழ லாரி போயிற்று. கடையின் பலகைகள் அதிர்ந்தன. அது போய் முடியும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

"அந்த ஆளு எப்படி இருக்கான்?" என்று கேட்டார் வகிமின்.

"பொனிரினா? வேலைக்கு வர்றாரு. காது டாக்டர்கிட்ட அனுப்பியிருக்காங்க."

"கடைக்கு வரச் சொல்லு ஒருநாள். பேசணும்."

சொல்வதாகச் சொன்னாள். காப்பியில் அவர் சர்க்கரை போட மறந்திருந்தார். அவள் கேட்கவில்லை, அப்படியே குடித்தாள்.